கூண்டுக் கிளியின் கால்

மரத்தில் வாழும் பறவைகளுள் கிளிக்கு வாய்த்த கால் தனிச்சிறப்புடையது. பெரும்பாலான பறவைகளுக்கு மூன்று விரல்கள் முன்னோக்கியும் ஒன்று பின்னோக்கியும் அமைந்திருக்க, கிளிக்கோ, மரங்கொத்திக்கும் குயிலுக்கும் உள்ளது போல, இரண்டு முன்னும் இரண்டு பின்னுமாக அமைந்திருப்பதால், அது கிளையை வளைத்து இறுகப் பற்றவும், தலைகீழாகத் தொங்கிக்கொண்டே கனியைக் கொத்தவும், அலகை மூன்றாவது காலாக ஊன்றிக் கொம்புக்குக் கொம்பு ஏறவும் வல்லதாகிறது. வனத்தில் சஞ்சரிக்கும் கிளி ஒரே நாளில் பருத்ததும் மெலிந்ததும், சொரசொரப்பானதும் வழவழப்பானதும், சாய்ந்ததும் காற்றில் ஆடுவதுமாகிய எத்தனையோ கிளைகளில் மாறி மாறி அமர்கிறது. ஆகவே அதன் உடற்பாரம் உள்ளங்காலின் ஒரே இடத்தில் நிலைத்து அழுந்துவதில்லை.

கூண்டிலோ, கடைசல் பிடித்த, ஒரே பருமனுள்ள கோல் ஒன்று இரு பக்கமும் கம்பியில் செருகப்பட்டு, அதன் ஆயுள் முழுவதற்கும் உரிய கிளையாகிவிடுகிறது. பகலெல்லாம் அதில் நின்று, இரவெல்லாம் அதிலேயே உறங்கி, சிறகை விரிக்க இடமின்றி மாதங்களும் வருஷங்களும் கழியும்போது, எப்போதும் அழுந்துகிற அந்த ஒரே இடத்தில் தோலின் செதில்வரிகள் தேய்ந்து மழுங்கிப் பளபளக்கத் தொடங்குகின்றன, பிறகு அவ்விடம் சிவக்கிறது, பிறகு வீங்குகிறது, வீக்கத்தின் நடுவே தோல் வெடித்துக் கருமையான பொருக்குத் தட்டுகிறது, பொருக்கின் அடியில் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் குடியேறி, கவனிப்பாரில்லையெனில் தசைநார்களையும் எலும்பையும் எட்டிவிடுகின்றன. சூரியகாந்தி விதையையும் நெல்லையும் தவிர வேறு உணவே அறியாத கிளிக்கு இந்த ரோகம் விரைவில் வரும். ஏனெனில், வைட்டமின் ஏ குறைந்தால் தோலின் காப்புக் குன்றுகிறது, கொழுப்பு மிகுந்தால் உடல் பருத்துக் காலின் மேல் சுமை ஏறுகிறது. அசுத்தம் படிந்த கோலும், நகம் தேயட்டும் என்று அதன்மேல் சுற்றி வைக்கிற உப்புத்தாளும் எஞ்சிய காரியத்தை முடித்துவிடுகின்றன.

இந்தப் புண்ணை வைத்தியரிடம் காட்டுவது ஒன்று. இதைப் பற்றிச் சமயம் என்ன சொல்கிறது என்று விசாரிப்பது மற்றொன்று. ஒரு சிறு பறவையின் உள்ளங்காலுக்கு இத்தனை பெரிய விசாரம் எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நான் அப்படி எண்ணவில்லை. மனிதன் தன்னைப் பற்றி, தன் தயையைப் பற்றி, தன் பக்தியைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணங்களெல்லாம் பரீக்ஷைக்கு உள்ளாகும் இடம், அவன் கையில் முழுவதும் அகப்பட்டுக்கொண்ட ஒரு பிராணியின் உடம்புதான். அவ்வுடம்பு பேசாது, வழக்காடாது, ஆனால் அவன் செய்ததையும் செய்யாமல் விட்டதையும் தன்மேல் தெளிவாகக் காட்டிக்கொண்டிருக்கும்.

நம் நாட்டில் ஒரு பிராணி துன்புறக் கண்டால், முதலில் மனம் இரங்குகிறோம், அடுத்த கணமே, "அது முன்பிறவியில் என்ன செய்ததோ!" என்று சொல்லி ஆறுதல் அடைந்துவிடுகிறோம். கர்ம சித்தாந்தத்தை மறுப்பது என் நோக்கமன்று. வானளாவப் பறக்கப் பிறந்த ஒரு ஜீவன் ஒரு முழ அகலக் கூண்டுக்குள் வந்து சேர்ந்ததற்குக் கண்ணுக்குப் புலனாகாத காரணம் ஏதேனும் இருக்கலாம். ஆனால், நாமே விலை கொடுத்து வாங்கிய கோலுக்கும், அக்கோலின்மேல் நின்று வெடித்த பாதத்துக்கும் இடையே, கண்ணெதிரே நிற்கும் காரணத்தைத் தாண்டிச் சென்று, காணாத ஒரு ஜன்மத்தைக் கொண்டுவந்து நிறுத்துவது அந்தச் சித்தாந்தத்துக்கே இழைக்கும் அநீதியாகும். கிளி கூண்டை அடைந்தது ஏன் என்று கர்மம் விளக்கினாலும் விளக்கட்டும். கோலை மாற்றாமலிருந்தது ஏன் என்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டியவன் கூண்டுக்குச் சொந்தக்காரனே. கிளிக்கு அந்தப் புண் முன்வினைப் பயனாகிய பிராரப்தமாயின், அவனுக்கு அது ஆகாமியம். இனி அனுபவிக்கப்போகும் வினையை அவன் இன்று, தன் வீட்டுத் தாழ்வாரத்தில், விதைக் கிண்ணத்தை நிரப்பிக்கொண்டே ஈட்டுகிறான்.

1867-ஆம் ஆண்டு வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கிய இராமலிங்க சுவாமிகள் இதே ஆக்ஷேபத்தை எதிர்கொண்டவர். ஜீவகாருண்ய ஒழுக்கத்தைப் பற்றி எழுதுகையில், ஜீவர்களின் துன்பம் அவரவர் வினைக்குக் கடவுள் விதித்த தண்டனையாயின் அதை நீக்குவது கடவுள் நியதிக்கு விரோதமாகாதோ என்னும் வினாவை அவரே எழுப்பிக்கொண்டு, சிறையிலிட்ட குற்றவாளிக்கும் அரசன் சோறு கொடுப்பிக்கிறான் அன்றோ என்ற நியாயத்தால் அதற்கு விடை கூறினார். பசியோடு பிணியையும் பயத்தையும் அவர் ஜீவர்களின் துக்க காரணங்களுள் வைத்து எண்ணியதும் நினைவிருக்கத் தக்கது. அந்த மகானின் வாக்கை வணங்கி ஏற்றுக்கொண்டே ஒன்றைச் சேர்த்துச் சொல்லத் துணிகிறேன். அவர் பேசுவது நாம் வழியில் காணும் துன்பத்தைப் பற்றி. சிறைவைத்தவன் வேறு, இரங்குபவன் வேறு என்ற நிலையில் பிறக்கும் காருண்யத்தைப் பற்றி. சிறைவைத்தவனும் இரங்குபவனும் ஒருவனே ஆகும்போது, அவன் செய்யும் சிகிச்சைக்குக் காருண்யம் என்று பெயரிடுவது மிகையாகும். தான் பட்ட கடனைத் திருப்பிக் கொடுப்பவனை நாம் தருமவான் என்று புகழ்வதில்லை.

இதை நம் நாட்டுச் சமயங்களுள் மிகக் கூர்மையாகக் கண்டது ஜைனம். உமாஸ்வாதி தத்வார்த்த சூத்திரத்தில் இல்லறத்தானுக்கு உரிய அஹிம்ஸா விரதத்தின் மீறல்களை ஐந்தாக வகுக்கும்போது, கட்டிவைத்தல், அடித்தல், அங்கத்தைச் சிதைத்தல், அளவுக்கு மேல் சுமையேற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்று அடுக்குகிறார். கொலை இதில் இல்லை என்பதையும், பந்தனம் எனப்படும் கட்டிவைத்தலே முதலில் வைக்கப்பட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு துளி இரத்தம் சிந்தாமலே, ஒரு கடுஞ்சொல் சொல்லாமலே, அன்போடு பெயர் சூட்டி அழைத்துக்கொண்டே ஒருவன் அந்த விரதத்தை நாள்தோறும் மீற முடியும். கிண்ணம் நிறைய விதை இருந்தும், கீரையும் பூசணியும் காரட்டும் கனியும் இல்லாமையால் தோல் நலிகிறது என்றால், அதை அன்னம் மறுத்தல் என்னும் ஐந்தாவது மீறலில் சேர்ப்பதா என்று கேட்டால், சேர்க்கத்தான் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

சைவ சித்தாந்தத்தில் உயிருக்குப் பசு என்று பெயர். பாசத்தால் கட்டுண்டது என்பதனால் அப்பெயர். உடம்பைக் கூடாகவும் உயிரை அதனுள் அடைபட்ட பறவையாகவும் பேசுவது சித்தர்களுக்கும் பக்தர்களுக்கும் பழகிய உவமை. அந்த உவமையைக் கேட்டுக் கண்ணீர் பெருக்கியவர்கள் நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்களுள் பலர் வீட்டுத் திண்ணையில் உண்மையான கூண்டு ஒன்று தொங்கியிருக்கிறது. உவமையின் அழகில் ஈடுபட்ட நாம், அதில் நமக்குரிய இடம் எது என்று நினைத்துப் பார்த்ததில்லை. கூண்டில் இருக்கும் கிளி ஆன்மா. கூண்டைத் திறப்பவன் பதியாகிய இறைவன். அப்படியானால் அடைத்து வைத்தவனுக்கு எஞ்சியிருக்கும் ஸ்தானம், உயிரைக் கட்டிவைக்கும் மலத்தின் ஸ்தானம் அன்றோ? தன் விடுதலைக்காக இறைவனிடம் உருகி நிற்கும் ஒருவன், அதே வேளையில் மற்றோர் உயிருக்கு ஆணவ மலத்தின் வேலையைச் செய்துகொண்டிருப்பது விளையாட்டான முரண்பாடு அன்று.

நம் கோயில்கள் இந்த விஷயத்தில் இரண்டு விதமாகவும் நமக்குப் பாடம் சொல்கின்றன. மதுரையில் அன்னை மீனாட்சியின் திருக்கரத்தில் கிளி அமர்ந்திருக்கிறது. அதற்குக் கூண்டு இல்லை, சங்கிலி இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் ஏந்தும் கிளி நாள்தோறும் புதிதாக இலைகளால் செய்யப்படுவது. மாதுளம்பூ அதற்கு அலகாகிறது. உயிருள்ள ஒரு பறவையையும் வருத்தாமல், உயிருள்ள கிளிக்கும் கிட்டாத பேற்றைப் பச்சிலைக்குத் தரும் அந்தக் கைங்கரியத்தை நினைக்கும்தோறும் எனக்கு மெய் சிலிர்க்கும். ஆனால் அதே மதுரைக் கோயிலில் பொற்றாமரைக் குளத்தருகே கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒன்று உண்டு. அன்னையின் பெயரைச் சொல்லப் பழக்கிய கிளிகளை ஒரு காலத்தில் அங்கே கூண்டுகளில் வைத்திருந்தார்கள். இன்று கூண்டுகள் அகற்றப்பட்டுப் பெயர் மட்டும் நிற்கிறது. நாமத்தைச் சொல்வதால் கிளிக்குப் புண்ணியம் என்று அக்காலத்தார் கருதியிருக்கலாம். அவர்களை நான் குறை கூறவில்லை. எனினும், அன்னையின் கையில் இருக்கும் கிளிக்கும் அவள் சந்நிதிக்கு வெளியே கூண்டில் இருந்த கிளிக்கும் உள்ள வேற்றுமையை உணர்ந்து, பின்வந்தவர்கள் கூண்டை அகற்றியது உயர்ந்த வழிபாடு என்றே நான் கொள்கிறேன்.

மகாபாரதத்து அனுசாஸன பர்வத்தில் பீஷ்மர் தருமபுத்திரருக்குச் சொல்லும் ஒரு கிளியின் வரலாறு இங்கே நினைக்கத் தக்கது. காசி நாட்டு வேடன் ஒருவன் மானுக்கு எய்த விஷ அம்பு குறி தவறி ஒரு பெருமரத்தில் தைக்க, மரம் இலையும் கனியும் உதிர்ந்து பட்டுப்போகிறது. மற்ற பறவைகள் அகன்றுவிட, அதன் பொந்தில் வாழ்ந்த கிளி ஒன்று மட்டும் இரை தேடவும் போகாமல் மரத்தோடு தானும் வாடுகிறது. அந்தணர் வடிவில் வந்த இந்திரன், இலையும் கனியுமுள்ள மரங்கள் வனமெங்கும் இருக்க இதில் ஏன் இருக்கிறாய் என்று கேட்கிறான். பிறந்ததும் வளர்ந்ததும் பகைவரிடமிருந்து காக்கப்பட்டதும் இம்மரத்தில் என்பதால் இதன் கஷ்ட காலத்தில் இதை விட்டு நீங்கேன் என்கிறது கிளி. மகிழ்ந்த இந்திரன் வரம் தர முன்வந்தபோது, மரம் மீண்டும் தழைக்க வேண்டும் என்று மட்டுமே அது கேட்கிறது. அமிர்தம் தெளிக்கப்பட்டு மரம் துளிர்க்கிறது.

இந்தக் கதையைப் படிப்பவர்கள் கிளியின் விசுவாசத்தைப் போற்றுவார்கள், போற்ற வேண்டியதுதான். ஆனால் அந்த விசுவாசத்துக்குப் பெருமை வந்தது எதனால்? எதிரே வனம் முழுவதும் விரிந்து கிடந்தது. சிறகு வலிமையோடு இருந்தது. போகக்கூடியது போகாமல் இருந்தது. கூண்டின் கதவைத் திறந்து வைத்தாலும் எங்கள் கிளி போகாது, எங்கள்மேல் அத்தனை பிரியம் என்று சொல்பவர்கள் இந்தக் கதையோடு தங்கள் நிலையை ஒத்திட்டுப் பார்க்க வேண்டும். இறகு வெட்டப்பட்டதா, பறந்தே பழகாததா, புண்பட்ட பாதத்தால் கதவு வரை ஏறவும் முடியாததா என்று பார்த்த பிறகே அந்த வார்த்தையைச் சொல்ல நமக்கு உரிமை வரும். காசி நாட்டுக் கிளி பட்ட மரத்தைத் துளிர்க்கச் செய்தது. நாமோ துளிர்க்கும் மரத்திலிருந்து அதன் குலத்தைப் பிரித்துப் பட்ட கட்டையில் நிறுத்தியிருக்கிறோம்.

பிறருடைய நோவைப் பிரத்யக்ஷமாக அறிய யாராலும் முடியாது, அனுமானத்தாலேயே அறிகிறோம். மனிதன் நொந்தால் முனகுகிறான், நாய் ஊளையிடுகிறது. கிளியோ, வேட்டையாடப்படும் குலத்தில் பிறந்தது. தளர்ச்சியைக் காட்டினால் பருந்தின் கண்ணுக்கு முதலில் அகப்படுவது தானே என்பதால், நோயை மறைப்பது அதன் ஸ்வபாவமாகிவிட்டது. நோய் வெளியே தெரியும்போது அது பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகவே கிளியின் துன்பத்தை அறிய விரும்புபவனுக்கு இளகிய மனம் மட்டும் போதாது. கூர்ந்து நோக்கும் கண் வேண்டும். சுகமான கிளியும் ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு உறங்குவது உண்டு. ஆனால் எப்போதும் அதே காலை மடக்குவதும், நின்ற இடத்திலேயே பாரத்தை ஓயாமல் மாற்றிக்கொள்வதும், கோலின்மேல் மார்பைச் சாய்த்துக் கிடப்பதும், கூண்டின் தரையில் இறங்கி நிற்பதும், தன் பாதத்தைத் தானே கடித்துக்கொள்வதும் வேறு பொருளுடையன. தியானத்துக்கு ஒப்பான கவனம் வேண்டும் என்று நான் சொன்னால் அது அலங்காரம் அன்று. தன்னை மறந்து ஒரு பொருளின்மேல் சித்தத்தை நிறுத்தும் பயிற்சிக்கு, வாரத்துக்கு ஒரு முறை அந்த இரண்டு பாதங்களையும் மெல்லத் திருப்பி ஒப்பிட்டுப் பார்ப்பதைவிட நல்ல சாதனம் எளிதில் கிடையாது.

தொல்காப்பியம் மரபியலில் உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுக்கிறது. ஆறாவது அறிவு மக்களுக்கே உரியதா என்னும் இடத்தில் பழைய உரைகாரர்கள் விலங்கு முதலியவற்றுள் ஒரு சாரனவற்றுக்கும் அது உண்டு என்று கொண்டு, கிளியையும் குரங்கையும் யானையையும் எடுத்துக் காட்டுகிறார்கள். நெஞ்சை உறுத்தும் செய்தி என்னவென்றால், நாம் பிடித்துக் கட்டிவைக்கத் தேர்ந்தெடுத்தவையும் இந்த மூன்றே: ஒன்றைக் கூண்டில், ஒன்றைக் கயிற்றில், ஒன்றைச் சங்கிலியில். காட்டு மண்ணில் நடந்து திரிய வேண்டிய யானை கல்தளத்திலும் சிமெண்டுத் தளத்திலும் நாள் முழுவதும் நின்று பாதம் புண்ணாகித் துன்புறுவதைக் கோயில் யானைகளைப் பார்ப்பவர்கள் அறிவார்கள். எடையில் எத்தனையோ ஆயிரம் மடங்கு வேறுபட்ட இரண்டு ஜீவன்களுக்கு ஒரே விதமான நோய் ஒரே காரணத்தால் வருகிறது.

இனிச் சிகிச்சையைப் பற்றி. அன்பு மிகுதியால் செய்யும் தவறுகள் இங்கே பல. தேங்காயெண்ணெயையும் களிம்பையும் மஞ்சள் பத்தையும் பாதத்தில் அப்பிவிடுகிறார்கள். கிளி அலகால் கோதும்போது எண்ணெய் இறகெங்கும் பரவி, இறகு உடலின் வெப்பத்தைக் காக்கும் தன்மையை இழக்கிறது. எஞ்சியது வயிற்றுக்குள் போகிறது. பறவையின் சீழ் நம் சீழைப் போல இளகி வழிவதன்று. பாலாடைக்கட்டி போல இறுகியிருக்கும். அதைப் பிதுக்க முயல்வது வலியையே தரும். மூட்டுகளில் வெண்மையான முடிச்சுகள் தோன்றினால் அது பாதப்புண்ணே அன்று, யூரிக் அமிலம் தேங்கும் கீல்வாதமாயிருக்கலாம். அதன் வேர் சிறுநீரகத்தில் இருக்கும். காலில் மாட்டிய வளையம் இறுகியோ, நூலிழை விரலைச் சுற்றியோ வீங்குவதும் உண்டு. வளையத்தை வீட்டிலேயே வெட்டப் புகுந்தால் மெல்லிய எலும்பு முறியக்கூடும். எனவே பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவதே முறை. அவர் புண்ணைச் சுத்தம் செய்து, மெத்தென்ற கட்டுப் போட்டு, கிருமிக்கும் வலிக்கும் மருந்து தருவார்; முற்றிய புண்ணாயின் ஆற மாதங்கள் ஆகலாம். வீட்டில் செய்ய வேண்டியது, கடைசல் கோலை எடுத்துவிட்டு, மருந்து தெளிக்காத வேம்பு, கொய்யா போன்ற மரங்களின் பட்டையோடு கூடிய கிளைகளைக் கழுவி உலர்த்திப் பல பருமனில் வைப்பதும், புண் ஆறும்வரை அமரும் இடத்தில் மெத்தென்ற துணியைச் சுற்றி அதை நாள்தோறும் மாற்றுவதும், முருங்கைக்கீரையும் பூசணியும் உண்ணப் பழக்குவதும் ஆகும். கோலை மாற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் புண் திரும்பி வரும்.

இதற்கெல்லாம் பதிலாகக் கதவைத் திறந்து விட்டுவிட்டால் கடன் தீர்ந்ததல்லவா என்று கேட்கலாம். இங்கே தர்மம் சற்று நுட்பமாகிறது. நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் குற்றம். அப்படி அகப்பட்ட கிளியை வனத்துறையிடம் ஒப்படைத்து, அது தேறிய பின் தன் குலத்தோடு சேர வழி செய்வதே சரி. ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மூதாதையரின் வழியில் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்த காக்கட்டீலையும் பட்ஜரிகரையும் சென்னை வானத்தில் விட்டுவிடுவது விடுதலையன்று. இரை தேடத் தெரியாத அவை காக்கைக்கு இரையாகும். நிற்கவும் முடியாத புண்ணோடு எந்தக் கிளியையும் விடுவது கைவிடுதலே. தில்லியில் செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திரில் ஜைனர்கள் நடத்தும் பறவை மருத்துவமனையில், தேறிய பறவைகளை மாடியிலிருந்து வானத்தில் விடுகிறார்கள். அங்கே சிகிச்சை முதலிலும் விடுதலை பிறகும் வருவதைக் காண்கிறோம். எந்த வானமும் தனக்கு உரியதல்லாத பறவைக்கோ, அடைத்தவன் வீடே எஞ்சிய உலகம். அதைப் பெரிதாக்குவதும், நாள்தோறும் சிறகை விரிக்க ஓர் அறையையாவது திறந்து விடுவதும் அவன் பொறுப்பு.

மனு ஸ்மிருதி பிராணிகளைக் கொன்றதற்குப் பிராயச்சித்தம் விதிக்கும் பகுதியில், கிளியைக் கொன்றவன் இரண்டு வயதுக் கன்று ஒன்றைத் தானம் செய்ய வேண்டும் என்கிறது. ஒரு கிளியின் உயிருக்கு ஒரு கன்றை ஈடாக வைத்த மதிப்பை எண்ணி நான் வியந்ததுண்டு. எனினும் அந்தக் கன்று கிளிக்குப் போய்ச் சேர்வதில்லை; வாங்கிக்கொள்ள அது உயிரோடு இல்லை. கால் புண்பட்ட கிளியின் விஷயத்தில் நாம் அந்த நிர்ப்பந்தத்தில் இல்லை. கோயிலில் விளக்கேற்றி அதற்காக வேண்டிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டுதல் நல்லதே, தடுக்க மாட்டேன். ஆனால் கடனுக்கு உரியது கண்ணெதிரே ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருக்கையில், மூன்றாம் பேரிடம் முதலில் போவது முறையாகாது. கிளையை மாற்றிவிட்டுப் பிறகு விளக்கேற்றலாம்.

இந்தக் கடன் குறுகிய கால வாய்தாவுள்ளதும் அன்று. நன்றாகப் பேணினால் பச்சைக்கிளி இருபது ஆண்டுக்கு மேலும், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி நாற்பது, ஐம்பது ஆண்டும் வாழக்கூடியவை; வாங்கியவருக்குப் பின்னும் வாழும் பறவைகள் உண்டு. அறுபது வயதில் சாம்பல் கிளிக்குஞ்சு ஒன்றை வாங்க எண்ணுகிறவர், தமக்குப் பிறகு அதன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கப்போவது மகனா, பேத்தியா, பக்கத்து வீட்டாரா என்பதை அவர்களிடமே கேட்டு, சம்மதம் பெற்றுக்கொண்ட பிறகே கடைக்குப் போக வேண்டும்.